அஸ்மாவுக்கும் ஒரு பெர்த்

பர்வீன்,

கம்பத்திலிருந்து தேனிக்கு ஒரு மணி நேரப் பஸ். உன் கையில் ஒரு செல்போன், என் கையில் ஒரு செல்போன். அப்படியிருக்க உன் அத்தா பக்கம் பக்கமாக எழுதி கொரியரில் அனுப்புகிறார் என்றால், ஒன்று அவருக்கு மறை கழன்றிருக்க வேண்டும், இல்லையென்றால் ஏதோ பெரிய தப்புப் பண்ணியிருக்க வேண்டும் என்று நினைப்பாய். இரண்டாவதுதான் சரி. நேரில் வந்து பேச்சை எடுத்தால் நீ டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போய்விடுவாய். போனில் சொன்னால் "சரி அத்தா, சரி அத்தா" என்று வைத்துவிடுவாய். உன்னை ஓர் இடத்தில் உட்காரவைத்துக் கடைசிவரை கேட்கவைக்க எனக்கு இதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை. ஸலாம் சொல்லித் தொடங்கியிருக்க வேண்டும், அவசரத்தில் விட்டுப்போயிற்று. உன்மீதும் மாப்பிள்ளைமீதும் அஸ்மாமீதும் ஸலாம் உண்டாகட்டும்.

உறைக்குள் இந்தக் கடிதத்தோடு இன்னும் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று ரயில் டிக்கெட். அதைப் பார்த்ததும் உனக்குக் கோபம் வரும், பரவாயில்லை. இன்னொன்று நாலாக மடித்த பழைய நோட்டுத் தாள். அதை இப்போதே பிரிக்காதே. நான் சொல்லும்போது பிரி. வாழ்நாளில் நீ நான் சொன்ன பேச்சைக் கேட்காத நாளே இல்லை, அதுதான் இப்போது எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு பேங்கில் ஆபீசர் வேலை கிடைத்ததும் அசாமில் போஸ்டிங் வந்ததும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஜோர்ஹாட் எங்கே இருக்கிறது என்று உன் தம்பி இர்பானின் பழைய அட்லஸை எடுத்துப் பார்த்தேன். கம்பத்தில் கட்டைவிரலை ஊன்றிச் சுண்டுவிரலை விரித்தால் எட்டவில்லை. அவ்வளவு தூரம் ஒரு பெண் வேலைக்குப் போவதா என்று பள்ளிவாசல் வாசலில் இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். "அவ போகாம நீங்களா போவீக?" என்று கேட்டுவிட்டு வந்தேன். தேனியில் நன்றாக நடக்கிற கம்ப்யூட்டர் கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு உன்னோடு கிளம்புகிற மாப்பிள்ளையையும் ஊர் சும்மா விடவில்லை. அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படி ஒரு மனிதரைத் தேடிப் பிடித்தவன் நான்தான் என்பதை இந்த இடத்தில் பணிவுடன் நினைவுபடுத்துகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூவரும் இங்கே வந்திருந்தீர்கள். சாப்பாடு முடிந்து உன் அம்மா திராட்சையைக் கழுவித் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். நீ மெதுவாக ஆரம்பித்தாய். "அத்தா, அஸ்மா ரெண்டு வருஷம் இங்கன உங்ககிட்டயே இருக்கட்டுமே. அங்கன என்ன ஸ்கூலோ, என்ன பாஷையோ. நாங்க மொதல்ல போயி ஒரு நெலைக்கு வந்துட்டு அப்புறம் கூட்டிக்கிறோம்." உன் அம்மாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நாலு வயதுப் பிள்ளை வீட்டில் ஓடியாடுவதை எவன் வேண்டாம் என்பான்? மாப்பிள்ளை மட்டும் ஒரு திராட்சையை வாயிலும் போடாமல் தட்டிலும் வைக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தார். பழகிக்கொள்ளட்டும் என்று அவளை இரண்டு நாள் எங்களிடம் விட்டுவிட்டு நீங்கள் தேனிக்குப் போனீர்கள்.

மறுநாள் காலை அஸ்மாவைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் நிற்கும் இடத்தில் வழக்கம்போல ஒரே நெரிசல். ஒரு ஜீப்பில் பெண்கள் ஒருவர்மேல் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி மடியில் கைக்குழந்தை, அதற்கும் மேலே தூக்குவாளி. அஸ்மா நின்று பார்த்தாள். "அந்த ஜீப்புல எடமே இல்லை. ஆனா பாப்பாவக் கூட்டிட்டுப் போறாகளே?" என்றாள். "அவுக அம்மா போறாகல்ல, அதான்" என்றேன், யோசிக்காமல். திரும்பித் திரும்பி அந்த ஜீப்பைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்: "நான் நல்ல புள்ளையா இருந்தா என்னையும் கூட்டிட்டுப் போவாகளா?"

பர்வீன், ஒரு கடையில் அரைக் கிலோ திராட்சை வாங்கி அவள் கையில் கொடுத்து வாயை அடைத்தேன். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் தின்பண்டம் வாங்கிக் கொடுப்பது எனக்குப் பழைய பழக்கம். உனக்கே தெரியும்.

நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னது ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை 1996-இல் நான் சொன்னது. அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு முடித்திருந்தாய். இர்பானுக்கு ஐந்து. வடக்கேயிருந்து ஏலக்காய் வாங்க வருகிறவர்களுக்கு இங்கே கடையில் உட்கார்ந்து சரக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவன், நாமே அங்கே போய்க் கடை போட்டால் என்ன என்று கான்பூருக்குக் கிளம்பினேன். உத்தமபாளையத்திலிருந்து உன் மாமா வந்தார். "மச்சான், புள்ளை கிளாஸ்ல மொத ஆளா வருது. அதை ஏன் அங்கயும் இங்கயும் அலைக்கழிக்கிறீக? எங்க வீட்டுல இருக்கட்டும், பத்தாவது முடிக்கட்டும்" என்றார். நான் உடனே சரி என்றேன். உன் அம்மா மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். "போயி ஒரு நெலைக்கு வந்துட்டுக் கூட்டிக்கிறோம்னுதான சொல்றேன்" என்று அவளை அடக்கினேன். நாங்கள் பஸ் ஏறிய அன்று நீ இர்பானின் தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுக் கையாட்டினாய். "என்னா கெட்டிக்காரப் புள்ளை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே" என்று உன் மாமி மெச்சினாள். எனக்கும் பெருமையாக இருந்தது. மாமாவும் மாமியும் உன்னைச் சொந்தப் பிள்ளைக்கு மேலாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். குறை அவர்களிடம் இல்லை.

என் தொழில் புத்தியை உனக்குச் சொல்ல வேண்டும். ஏலக்காய் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். அதனால் நல்ல பச்சையாக, பருமனாக இருக்கிற முதல் தரத்தைக் கறுப்பு பாலிதீனில் கட்டி, சாக்கில் போட்டுத் தைத்து, இருட்டு அறையில் வைப்போம். அங்கே இங்கே நகர்த்த மாட்டோம். சில்லறைச் சரக்கைத்தான் வெளியே எடுத்துப் புழங்குவோம். உன் விஷயத்திலும் அதையேதான் செய்தேன். நீ முதல் தரம். அலைச்சலும் அழுக்கும் உன்மேல் படக் கூடாது. ஆனால் ரொம்ப நாள் கட்டிவைத்த மூட்டையைப் பிரித்தால் நிறம் அப்படியே இருக்கும், வாசம் குறைந்திருக்கும் என்பதும் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதை மட்டும் சௌகரியமாக மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மாமா வீட்டுப் பக்கத்துக் கடைக்கு போன் போடுவேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து மூச்சு வாங்க எடுப்பாய். "நல்லா இருக்கியா தாயி?" "நல்லா இருக்கேன் அத்தா." "சாப்ட்டியா?" "சாப்ட்டேன் அத்தா." "என்ன ரேங்க்கு?" "ஃபர்ஸ்ட் அத்தா." அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் "புள்ளை ஜம்முனு இருக்கு" என்று உன் அம்மாவிடம் சொல்வேன். வேறு கேள்வி கேட்க எனக்குத் தெரியவில்லை. நீயாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாத பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்வது அப்பன்மார்களுக்கு எவ்வளவு வசதி பார்.

இரண்டாம் வருஷம் நோன்புப் பெருநாளுக்கு நான் மட்டும் வந்தேன். மாமா வீட்டில் என்னை நாற்காலியில் உட்காரவைத்து நீ டீ கொண்டுவந்தாய். விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் பூப்போட்ட கிளாஸ். என் முன்னால் நின்று, "உங்களுக்குச் சீனி எம்புட்டு போடணும் அத்தா?" என்று கேட்டாய். சின்ன வயதிலிருந்து என் டீயில் மூன்று கரண்டிச் சீனி போட்டுக் கலக்கி, முதல் மடக்கை நீ குடித்துவிட்டுத்தான் என்னிடம் தருவாய். அந்தப் பிள்ளை கேட்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "பாத்தீகளா மச்சான், என்ன ஒரு மரியாதை!" என்று மாமாவிடம் பெருமையடித்தேன். திரும்பிப் போகும்போது, நாக்பூர் தாண்டி பட்டப்பகலில், ரயிலில் டீ விற்றுக்கொண்டு வந்த ஆள் "சக்கர் கித்னா?" என்று கேட்டான். சீனி எவ்வளவு என்று. அப்போதுதான் உறைத்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் என்ன ஆயிற்று என்று கேட்கிற அளவுக்கு அழுதேன்.

அழுதவன் அடுத்த ரயிலில் உன்னைக் கூட்டிப் போயிருக்கலாமே என்று கேள். கேட்க வேண்டும். இப்போது அந்த நோட்டுத் தாளைப் பிரி.

உன் கையெழுத்துதான். அந்தப் பெருநாளுக்கு ஆறு மாதம் முன்னால் நீ கான்பூர்க் கடை விலாசத்துக்கு எனக்கு எழுதியது. "அத்தா, நான் பஸ் ஸ்டாண்டு கடையில் இந்தி புஸ்தகம் வாங்கிப் படிக்கிறேன். ஒண்ணிலிருந்து நூறு வரைக்கும் சொல்லத் தெரியும். என்னையும் கூட்டிட்டுப் போங்க. இர்பானுக்குப் பாடம் சொல்லித் தருவேன். நான் இடைஞ்சலா இருக்க மாட்டேன். பதில் போடுங்க." கீழே உன் பெயரை இந்தியிலும் எழுதியிருந்தாய். பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டினேன், பிழையே இல்லை என்றார். அதை மடித்துக் கல்லாப்பெட்டிக்குள் வைத்தேன். உன் அம்மாவிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அன்றைக்கே கிளம்பி வந்து உன்னை அள்ளிக்கொண்டு போயிருப்பாள். அதனால்தான் காட்டவில்லை. உனக்குப் பதிலும் போடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போனில் "என்ன ரேங்க்கு?" என்றுதான் கேட்டேன். நீயும் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு நீ என்னிடம் எதுவுமே கேட்டதில்லை.

படிப்பு கெடும் என்றேன், வயசுக்கு வரப்போகிற பிள்ளை என்றேன், குடியிருந்த சந்து சரியில்லை என்றேன். யாருக்கு எது பொருந்துமோ அதைச் சொன்னேன். உண்மைக் காரணத்தை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. கம்பத்தில் நான் கடைக்கு வந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த மரியாதையைப் பார்த்துக்கொண்டே என் பக்கத்தில் உட்காருவாய். கான்பூரில் நான் "ஏய் மதராசி". என் இந்தியைக் கேட்டுக் கூலிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். மூட்டையை நானே முதுகில் தூக்கினேன். குளிர் தாங்காமல் பெண்கள் போர்த்தும் சால்வையைப் போர்த்திக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா பார்த்தால் பரவாயில்லை, அவளுக்கு என்னைத் தெரியும். இர்பான் சின்னப் பையன். நீ பார்க்கக் கூடாது. உன் கண்ணில் நான் சின்ன ஆளாகிவிடக் கூடாது. இதற்காகத்தான் தாயி, உன்னை மூன்று வருஷம் விட்டுவைத்தேன். படிப்புக்காக இல்லை.

பத்தாவது முடித்து நீ கான்பூருக்கு வந்தபோது எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். அதற்குள் நாங்கள் அங்கே வேரூன்றிவிட்டோம். உன் அம்மா போன முதல் வருஷமே, ஒரு வார்த்தை இந்தி தெரியாமல், மண்ணெண்ணெய் அடுப்பில் நோன்புக் கஞ்சி காய்ச்சி இர்பான் கையில் கொடுத்துச் சந்து முழுக்க அனுப்பினாள். அங்கே பள்ளிவாசலில் கஞ்சி கொடுக்கிற வழக்கம் இல்லை. இது என்ன பண்டம் என்று முதல் நாள் மோந்து பார்த்தவர்கள், மூன்றாம் வருஷம் சாயங்கால அஸர் தொழுகைக்கே பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். பதிலுக்கு அவர்கள்தான் அவளுக்கு இந்தியும், ரொட்டி போடவும், குளிருக்குப் பிள்ளையை எப்படிப் பொதிய வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார்கள். இதெல்லாம் நடந்த காலத்தில் நீ அங்கே இல்லை. இர்பானும் அம்மாவும் சாப்பிடும்போது இந்தியில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். நீயும் சேர்ந்து சிரித்துவிட்டு, "என்னடா சொன்ன?" என்று தம்பியிடம் மெதுவாகக் கேட்பாய். சொந்த வீட்டில் நடந்தது என்னவென்று சின்னப் பையனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாய். இரண்டு மாதத்தில், "பிளஸ் டூ அங்கனயே படிக்கிறேன் அத்தா" என்று மாமா வீட்டுக்கே கிளம்பிவிட்டாய். அதன்பிறகு நாம் நாலு பேரும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழவே இல்லை. நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது உனக்குக் கல்யாணமாகி அஸ்மா பிறந்திருந்தாள்.

இதையெல்லாம் போன செவ்வாய்க்கிழமை உன் அம்மாவிடம் சொன்னேன். கடிதத்தையும் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தாள். "பதிமூணு வருஷமா இதை வச்சுக்கிட்டு எப்படீங்க சோறு எறங்குச்சு?" என்று கேட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "இதை அவகிட்ட நீங்களே சொல்லுங்க. அஸ்மாவ நாம வச்சுக்க வேணாம்" என்றாள். அஸ்மாவைத் தன்னிடம் வைத்துக்கொள்ள எவ்வளவு ஆசைப்பட்டவள் என்று உனக்குத் தெரியும்.

ஆகையால் பர்வீன், அஸ்மாவை நாங்கள் வைத்துக்கொள்ள மாட்டோம். உன் காரணம் என் காரணம்தான் என்று நான் சொல்லவில்லை. நீ என்னைவிட நல்லவள். ஆனாலும் ஒரு தரம் உன்னையே கேட்டுப் பார். புது ஊரில் நீ பாஷை தெரியாமல் காய்கறிக்காரியிடம் கைச்சாடை காட்டுவாய். பேங்கில் உன் பேச்சைக் கேட்டு எவனாவது சிரிப்பான். வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு அழுவாய். அதையெல்லாம் அஸ்மா பார்க்கட்டும். தடுமாறுகிற அம்மாவைப் பார்த்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆறு மாதத்தில் அவள்தான் உனக்குக் காய்கறிக்காரியின் பாஷையைச் சொல்லித்தரப் போகிறாள், இர்பானைப் பார்த்தவன் சொல்கிறேன். ஒரு வருஷப் படிப்பு போனால் போகட்டும். எல்.கே.ஜி.யில் அவள் என்ன கலெக்டர் பரீட்சையா எழுதுகிறாள்? இன்னொன்று, போன உடனே எல்லா மூட்டையையும் பிரித்துவிடு. ஒரு நிலைக்கு வந்த பிறகு பிரிக்கலாம் என்று எதையும் கட்டிவைக்காதே. அந்த நிலை என்பது எங்கே இருக்கிறது என்று நான் பத்து வருஷம் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை.

நோன்புக்கு உன் அம்மா அங்கே வருகிறாள், கூடவே நானும். வெந்தயம், பாசிப்பருப்பு, கஞ்சிக்கு வேண்டிய சாமான் எல்லாம் இப்போதே எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டாள். "ஜோர்ஹாட்லயும் நாலு வீடு இருக்கும்ல" என்கிறாள். அந்த ஊர் என்ன ஆகப்போகிறதோ தெரியவில்லை.

டிக்கெட் கதையையும் கேள். மாப்பிள்ளையிடம் உங்கள் ரயில் விவரம் வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போனேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. நான் போனில் கேட்டதும் எல்லா நம்பரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு, "ரொம்ப நன்றி மாமா" என்றார். கவுண்டரில் இருந்தவர், "அஞ்சு வயசுக்குக் கீழன்னா டிக்கெட்டே வேணாம் பாய், மடியில வச்சுக்கட்டும்" என்றார். "மடியெல்லாம் வேணாங்க. அவளுக்குன்னு ஒரு பெர்த் வேணும், பேரும் போட்டு வேணும்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முழு டிக்கெட் போட்டுக் கொடுத்தார். ஒரே ஓர் இடம்தான் இருந்தது, அதுவும் பக்கத்துப் பெட்டியில். யாரிடமாவது கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவரிடம் போய் இடம் கேட்பதற்கு உனக்குக் கூச்சமாக இருக்கும். அஸ்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கேள்.

தாயி, உன் கடிதத்தில் பதில் போடுங்க என்று கேட்டிருந்தாய். இதுதான் பதில். பதிமூன்று வருஷம் கழித்துப் போடுகிறவனுக்கு மன்னிப்புக் கேட்க வாய் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். இடைஞ்சலாக இருக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். இருந்திருக்கலாம். எனக்கு எவ்வளவு இடைஞ்சலாக வேண்டுமானாலும் நீ இருந்திருக்கலாம். வந்திருக்க வேண்டும்.

ஜீப்புகள் நிற்கிற தெருவில் உன் மகள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அது உன்னிடம்தான் இருக்கிறது. இன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த டிக்கெட்டை அவள் கையில் கொடு. அவள் பெயர் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டு.

உன் அத்தா